பட்டினத்தடிகள் பிறந்த பட்டினம்

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, ராயபுரம் பகுதிகளில் வாழும் அன்பர்களுக்குத் திருவொற்றியூர் அயலூர் அன்று. வெள்ளிக்கிழமை என்றால் வடிவுடையம்மை, பிரதோஷம் என்றால் ஆதிபுரீஸ்வரர் என்று தலைமுறை தலைமுறையாகப் போய்வரும் இடம் அது. முன்பு பேருந்தில் நெருக்கியடித்துக்கொண்டு போனவர்கள், 2022 மார்ச் முதல் வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ரயில் ஏறி, தேரடி நிலையத்தில் இறங்கி, சிரமமின்றிச் சந்நிதியை அடைகிறார்கள். அவர்களுள் பலர் தியாகராஜப் பெருமானைத் தரிசித்தபின் கடற்கரைப் பக்கமாகச் சென்று பட்டினத்தடிகளின் சமாதிக் கோயிலிலும் சற்று நேரம் அமர்ந்துவிட்டு வருவது வழக்கம். ஆடி உத்திராடத்தன்று அங்கே நடைபெறும் குருபூஜைக்கு வடசென்னையிலிருந்து செல்லும் கூட்டம் பெரிது.

அவர் முடிந்த ஊரை நன்கறிந்த அன்பர்கள், அவர் பிறந்த ஊரைக் கண்டதுண்டா என்றால், பெரும்பாலோர் இல்லை என்றே சொல்வர். பட்டினத்தார் என்ற பெயரே ஓர் ஊரின் பெயர்தான். அந்தப் பட்டினம், காவிரிப்பூம்பட்டினம்.

காவிரியாறு கடலில் புகும் இடம் ஆதலின் அதற்குப் புகார் என்று பெயர். மயிலாடுதுறை மாவட்டத்தில், சீர்காழி வட்டத்தில், கடலை ஒட்டிய ஒரு சிற்றூராக அது இன்று இருக்கிறது. ஒரு காலத்தில் ஒரே நகரமாக இருந்த நிலப்பரப்பு இப்போது கீழையூர், மேலையூர், வானகிரி, பல்லவனீச்சரம், சாயாவனம், மணிக்கிராமம் எனப் பல சிற்றூர்களாகப் பிரிந்து கிடக்கிறது. மணிக்கிராமம் என்பது பழங்கால வணிகர் குழு ஒன்றின் பெயர். குழு கலைந்து பல நூற்றாண்டுகள் ஆயின. பெயர் மட்டும் வயல்களுக்கு நடுவே ஓர் ஊராக நிலைத்துவிட்டது.

சங்க நூல்களைப் படித்தவர்களுக்கு இந்த ஊரின் பழைய செல்வத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கரிகாற் பெருவளத்தானைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலை, இங்கே வந்து இறங்கிய சரக்குகளை ஒரு பண்டகசாலைக் கணக்கர் எழுதியதுபோல வரிசையாகச் சொல்கிறது. கடல் வழியே வந்த குதிரைகள், வண்டிகளில் வந்த மிளகு மூட்டைகள், வடமலையின் பொன்னும் மணியும், மேற்குமலையின் சந்தனமும் அகிலும், தென்கடல் முத்து, கீழ்க்கடல் பவளம், கங்கை நாட்டுப் பொருள்கள், ஈழத்து உணவு, காழகத்து ஆக்கங்கள் என்று அது நீள்கிறது. இவை அனைத்தின் மீதும் சுங்க அதிகாரிகள் சோழரின் புலி முத்திரையைப் பொறித்த பின்னரே வெளியே விட்டனர் என்றும் அந்நூல் கூறுகிறது. வரி கட்டாத சரக்கு வாயிலைத் தாண்டாது என்ற ஒழுங்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம்மவரிடம் இருந்தது. அதனினும் ஒரு படி மேலாக, அவ்வூர் வணிகர் தாம் வாங்கும்போது மிகுதியாகக் கொள்ளாமலும், விற்கும்போது குறைத்துக் கொடாமலும், கிடைக்கும் இலாபத்தை ஒளிக்காமல் சொல்லியும் வாணிகம் செய்தனர் என்று அப்புலவர் பாராட்டுகிறார். கணக்கேடுகளோடு வாழ்நாளைக் கழித்தவர்கள் இந்த இடத்தைப் படிக்கும்போது சற்று நின்றுதான் போவார்கள்.

பாய்களை இறக்காமலும் சுமையைக் குறைக்காமலும் பெருங்கப்பல்கள் நேரே ஆற்று முகத்துக்குள் நுழைந்தன என்று புறநானூற்றுப் புலவர் ஒருவர் குறிக்கிறார். அவ்வளவு ஆழம் அன்று காவிரியின் வாயில் இருந்தது. கடலை ஒட்டியது மருவூர்ப்பாக்கம். அங்கே பரதவரும் உப்பு வணிகரும் கைவினைஞரும் யவனரும் வாழ்ந்தனர். மேற்கே பட்டினப்பாக்கம், அங்கே அரசரும் பெருவணிகரும் அந்தணரும். இரண்டுக்கும் இடையே மரங்களின் அடியில் நாளங்காடி. இவ்வாறு சிலப்பதிகாரம் ஊரைப் பிரித்துக் காட்டுகிறது. கண்ணகியும் கோவலனும் நடந்து வெளியேறியது இந்தத் தெருக்களிலிருந்துதான். மேலைநாட்டு நிலநூலாராகிய தாலமி இத்துறையைக் கபேரிஸ் என்று எழுதிவைத்தார். காவிரி என்னும் பெயர் கிரேக்க நாவில் அப்படி ஆயிற்று.

இவையெல்லாம் புலவர் கற்பனை என்று சொல்வோரும் ஒரு காலத்தில் இருந்தனர். 1960களில் இந்தியத் தொல்லியல் துறையினர் இங்கே அகழ்ந்தபோது அந்தப் பேச்சு குறைந்தது. கீழையூரில், இன்று கடலிலிருந்து உள்ளடங்கி நிற்கும் ஓரிடத்தில், செங்கல்லால் கட்டிய படகுத்துறை ஒன்று மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டது. படகுகளைக் கட்ட ஊன்றிய மரத்தூண்களின் அடிக்கட்டைகள் சேற்றில் அப்படியே இருந்தன. அம்மரத்தைக் கரிமப் பகுப்பாய்வுக்கு உட்படுத்தியபோது அது கிறிஸ்துவுக்கு முற்பட்ட சில நூற்றாண்டுகளைச் சேர்ந்தது என்று தெரிந்தது. வானகிரியில் ஆற்றுநீரைத் தேக்கிப் பாய்ச்சிய செங்கற் கட்டுமானம் கிடைத்தது. பல்லவனீச்சரம் கோயிலுக்கு அருகிலேயே ஒரு புத்த விகாரையின் அடித்தளமும் வெளிப்பட்டது. சிவாலயமும் விகாரையும் அடுத்தடுத்து இருந்த ஊர் இது. பல நாட்டவர் வந்துபோகும் துறைமுகத்தில் பல வழிபாடுகள் அருகருகே இருப்பது இயல்புதான். சென்னைத் துறைமுகத்தை அடுத்த தெருக்களில் நடந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

அவ்வளவு பெரிய பட்டினம் எங்கே போயிற்று?

மணிமேகலைக் காப்பியம் ஒரு விடை தருகிறது. நெடுமுடிக்கிள்ளி என்னும் சோழனுக்கும் நாக நாட்டு இளவரசி பீலிவளைக்கும் பிறந்த ஆண்குழந்தையைக் கம்பளச் செட்டி என்ற வணிகன் கப்பலில் கொண்டுவரும்போது, நள்ளிரவில் கப்பல் கவிழ்ந்தது. குழந்தையைக் காணவில்லை. செய்தி கேட்ட அரசன் கரையெங்கும் மகனைத் தேடி அலைந்தான். அந்தத் துயரத்தில், ஆண்டுதோறும் இருபத்தெட்டு நாள் எடுக்க வேண்டிய இந்திர விழாவை மறந்தான். விழா நின்றதால் மணிமேகலா தெய்வத்தின் சாபப்படி கடல் பொங்கி ஊரைக் கொண்டது என்கிறது காப்பியம். அரசனைக் குற்றவாளி என்று சொல்ல மனம் வரவில்லை. பிள்ளையைத் தேடிய தகப்பன் அவன். ஆயினும் ஊரின் காவலன் தன் துயரில் மூழ்கி ஊரை மறந்தால் அந்தக் கடனை ஊர்தான் அடைக்க வேண்டியிருக்கிறது.

ஒரே இரவில் கடல் கொண்டதா, சிறுகச் சிறுகக் கரையை அரித்ததா, ஆற்று முகம் மணலால் தூர்ந்து கப்பல்கள் வேறு துறைகளை நாடினவா என்று ஆராய்ச்சியாளர் பலவாறு கூறுவர். கோவாவில் உள்ள தேசியக் கடலாய்வு நிறுவனத்தார் 1990களின் தொடக்கத்தில் இப்பகுதிக் கடலில் மூழ்கிப் பார்த்தபோது, கரையிலிருந்து பல கிலோமீட்டர் தொலைவில், சுமார் 23 மீட்டர் ஆழத்தில் குதிரை லாட வடிவில் ஓர் அமைப்பைக் கண்டனர். அது மனிதர் கட்டியதா, இயற்கையாய் அமைந்ததா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எப்படியாயினும், கரை அங்கே ஒருகாலத்தில் இன்னும் கிழக்கே இருந்தது என்பதில் ஐயமில்லை. முழுமையும் ஒரு காரணத்தால் அழிந்த துறைமுகம் உலகில் அரிது. புயலும் மணலும் ஆற்றின் போக்கும் அரசியலும் சேர்ந்தே ஒரு துறையை முடிக்கும்.

எஞ்சியவை கோயில்கள்.

சீர்காழியிலிருந்து பூம்புகார் செல்லும் வழியில் முதலில் வருவது சாயாவனம் எனப்படும் திருச்சாய்க்காடு. கோச்செங்கட் சோழன் எடுத்த மாடக்கோயில்களுள் ஒன்று என்பர். சுவாமி சாயாவனேஸ்வரர், அம்மை குயிலினும் இன்மொழியம்மை. அப்பரும் சம்பந்தரும் பாடிய தலம். கையில் வில்லேந்தி நிற்கும் முருகப்பெருமானின் ஐம்பொன் திருமேனி இங்கே காணத் தவறக்கூடாதது. வேல் ஏந்தியவனையே கண்டு பழகிய கண்களுக்கு அந்த நிற்கும் ஒயில் தனி இன்பம்.

இயற்பகை நாயனார் முத்தி பெற்ற இடமும் இதுவே. அவர் புகாரில் பிறந்த பெருவணிகர். சிவனடியார் எதைக் கேட்டாலும் இல்லை என்னாதவர். ஒருநாள் பெருமான் வேதியர் கோலத்தில் வந்து அவருடைய மனைவியையே கேட்டார். நாயனார் தயங்கவில்லை. இக்கதையைக் கேட்கும் போதெல்லாம் மனம் சங்கடப்படுகிறது என்று சொல்லும் தாய்மார்கள் உண்டு. அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. அந்த அம்மையாரும் முதலில் கலங்கினார், பின்னரே தெளிந்தார் என்று சேக்கிழார் பெருமான் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். ஊராரும் உறவினரும் வாளும் வேலும் கொண்டு மறித்தபோது, நாயனார் தாமே வாளெடுத்து எதிர்த்து, வேதியரையும் அம்மையாரையும் சாய்க்காடு வரை கொண்டுவந்து விட்டு வணங்கித் திரும்பினார். திரும்பிப் பாராமல் நடந்தார் என்பதுதான் அவருடைய வரலாற்றில் நெஞ்சைத் தொடும் இடம். பின்னாலிருந்து ஓலமிட்டு அழைத்த குரல் கேட்டு ஓடிவந்தபோது வேதியரைக் காணவில்லை. விடைமேல் அம்மையப்பரின் காட்சி கிடைத்தது. மார்கழி உத்திரம் நாயனாரின் குருபூஜை நாள்.

அங்கிருந்து கிழக்கே சிறிது தொலைவில் பல்லவனீச்சரம். சம்பந்தர் பாடிய தலம். சுவாமி பல்லவனேஸ்வரர், அம்மை சௌந்தரநாயகி. கோயில் பெரிதன்று. அகழ்வாய்வுகளையும் கலைக்கூடத்தையும் பார்க்க வரும் பயணிகள் பலர் இதைக் கடந்தே போய்விடுகிறார்கள். பட்டினத்தாருக்கு இங்கே சந்நிதி உண்டு; ஆடி மாதத்தில் அவருக்கு விழா எடுக்கிறார்கள்.

அவர் வணிகர் குலத்தில் பிறந்தார். அருகிலுள்ள திருவெண்காட்டுப் பெருமானின் பெயரால் திருவெண்காடர் என்று பெயரிட்டனர். செல்வம் குறைவில்லை, மனைவி சிவகலை குணவதி, மக்கட்பேறு மட்டும் இல்லை. திருவிடைமருதூரில் வறுமையுற்ற சிவசருமர் என்னும் அன்பர் வாயிலாக ஒரு குழந்தை கிடைத்தது. மருதவாணன் என்று பெயரிட்டு வளர்த்தார்கள். வளர்ந்த பிள்ளை மற்ற வணிகப் பிள்ளைகளோடு கப்பலேறிக் கடல் வாணிகம் போயிற்று. திரும்பி வந்தபோது மற்றவர்கள் பொன்னும் பட்டும் கொண்டுவர, மருதவாணன் கொண்டுவந்ததோ எருவரட்டியும் தவிடும்.

தகப்பனாரின் சினத்தை நினைத்துப் பார்க்கலாம். முதலீடு அவருடையது, கப்பல் கூலி அவருடையது, ஊர் சிரிப்பதும் அவரைப் பார்த்தே. வரட்டியை எடுத்து வீசியெறிந்தார். அது உடைந்து உள்ளிருந்து மணிகள் சிதறின. மகன் அறிவாளி என்று மகிழ்ந்து வீட்டுக்கு ஓடினால், அங்கே மகன் இல்லை. தந்தையிடம் கொடுக்கும்படி அவன் விட்டுச்சென்ற சிறு பெட்டி மட்டும் மனைவியின் கையில் இருந்தது. அதற்குள் காது முறிந்த ஓர் ஊசியும் ஓர் ஓலை நறுக்கும். அந்த ஊசிகூடக் கடைசிப் பயணத்தில் கூட வராது என்பதே ஓலையின் பொருள். நம் வீடுகளில் எழுத்தறியாத பாட்டிமார்கூட இந்த வரியை அறிவர்.

மணிகள் கிடைத்த பிறகே ஓலை கிடைத்தது என்பது கவனிக்கத்தக்கது. நட்டமடைந்து வெறுத்து வெளியேறியவர் அல்லர் அவர். கணக்கில் வரவு மிகுந்திருந்த அன்று ஏட்டை மூடியவர். கருவூலத்தைத் திறந்து ஊரார்க்கு வாரிக் கொடுக்கச் செய்து, கோவணத்தோடு தெருவில் இறங்கினார்.

துறந்த பின்னும் அவர் உடனே ஊரை விட்டுப் போகவில்லை என்பது மரபு. தாம் பெரிய வணிகராய் நடந்த அதே தெருக்களில் பிச்சை ஏற்றார். குல மானம் போயிற்று என்று தமக்கையார் அப்பத்தில் நஞ்சு வைத்துக் கொடுக்க, அதை அவர் கூரையில் செருக, கூரை தீப்பற்றியது. ஓட்டப்பம் பற்றிய பழமொழிக்கு இந்த ஊர்க் கூரைதான் மூலம் என்பர். அன்னையாருக்கு அவர் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்; எங்கிருந்தாலும் கொள்ளியிட வருவேன் என்று. அன்னை இறந்த நாளில் வந்தார். உறவினர் அடுக்கிய விறகை விலக்கி, பச்சை வாழைமட்டைகளின் மேல் உடலைக் கிடத்திப் பாடினார்; தீ எழுந்தது. பற்றற்றவர் என்று நாம் போற்றும் அடிகள் தாயைப் பாடிய அந்தப் பாடல்களைக் கண்ணீரின்றிக் கேட்டவர் உண்டா? முதியோர் பலர் தம் அன்னையின் ஈமக்கடனில் அவற்றைக் கேட்டிருப்பார்கள்.

பதினோராம் திருமுறையில் உள்ள ஐந்து நூல்களைப் பாடிய பட்டினத்துப் பிள்ளையார் வேறு, தத்துவப் பாடல்களைப் பாடிய பட்டினத்தார் வேறு, காலம் பல நூற்றாண்டு வேறுபடும் என்பது தமிழறிஞர் பலரின் முடிவு. மொழிநடையைப் பார்த்தால் அது சரியென்றே தோன்றுகிறது. ஆனால் திருமுறையில் உள்ள அந்த ஐந்தில் ஒன்று திருவொற்றியூர் ஒருபா ஒருபஃது. ஆக, முன்னவரானாலும் பின்னவரானாலும் புகாரிலிருந்து புறப்பட்ட வழி ஒற்றியூரில் வந்து சேர்கிறது.

கையில் ஒரு பேய்க்கரும்பை ஏந்தி, அதன் நுனி எங்கே இனிக்கிறதோ அதுவே முத்தித் தலம் என்று ஊர் ஊராய் நடந்தார் அடிகள். ஒற்றியூர்க் கரையில் கரும்பு இனித்தது. அங்கே மணலில் சிறுவர்களோடு விளையாடி, தம்மைப் பெரிய சாலினால் மூடச் செய்து, மறைந்து மறைந்து வெளிப்பட்டு, கடைசியில் வெளிப்படவே இல்லை. திறந்து பார்த்தால் லிங்கம் இருந்தது. சாலன்று, கூடை என்று சொல்வாரும் உண்டு. ஒற்றி என்றால் அடைமானம் என்று ஒரு பொருள். பிரளய வெள்ளத்தை ஒற்றச் செய்த, அதாவது விலகச் செய்த, ஊர் என்பது தல புராணப் பொருள். ஏட்டை மூடிவிட்டு வந்த வணிகர் அடைமானத்தின் பெயர் கொண்ட ஊரில் கணக்கை முடித்தார் என்பதில் பெருமானின் சிரிப்பு தெரிகிறது.

கடலை விலகச் செய்த அந்த ஊரின் கரையையும் இன்று கடல் விடவில்லை. வங்கக் கடலில் மணல் ஆண்டின் பெரும்பகுதியும் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. 1876இல் தொடங்கிச் சென்னைக்கு ஒரு செயற்கைத் துறைமுகம் கட்டியபோது, கடலுக்குள் நீட்டிய சுவர்கள் அந்த மணலைத் தடுத்தன. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை, வரவேண்டிய மணல் வராமல், அலை கரையைத் தின்னத் தொடங்கியது. குடிசைகளும் தெருக்களும் போயின. கடற்கரை நெடுகப் பாறாங்கற்களைக் கொட்டித் தடுப்பு அமைத்திருப்பதைச் சமாதிக் கோயிலுக்குச் செல்பவர்கள் நாள்தோறும் காண்கிறார்கள். பெரிய துறைமுகத்தின் செழிப்புக்கு அண்டையூர்க் கரை விலை கொடுத்திருக்கிறது. புகாரின் கதையைப் பழங்கதை என்று வடசென்னையார் எண்ணிவிட முடியாது.

இன்றைய பூம்புகாரில் கப்பலை எதிர்பார்த்துப் போனால் மீன்பிடி விசைப்படகுகளைக் காணலாம். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இக்கரையையும் தாக்கியது. அருகிலுள்ள மீனவக் குப்பங்களில் அன்று உயிரிழந்தோர் பலர். அந்த நாளில் இன்றும் கடலில் பால் ஊற்றி மலர் தூவுகிறார்கள். 1973இல் அரசு கட்டிய ஏழுநிலை மாடச் சிலப்பதிகாரக் கலைக்கூடம் கரையருகே நிற்கிறது. உள்ளே கண்ணகியின் கதை கற்சிற்பங்களாக இருக்கிறது.

காவிரி? குடகு மலையில் பிறந்து ஏறத்தாழ எண்ணூறு கிலோமீட்டர் நடந்து வந்தவள், வழியெல்லாம் அணைகளுக்கும் கால்வாய்களுக்கும் வயல்களுக்கும் தன்னைக் கொடுத்துவிட்டு, இங்கே வரும்போது ஒரு வாய்க்காலளவு ஒடுங்கிவிடுகிறாள். பெருங்கப்பல் பாய் இறக்காமல் நுழைந்த வாய் இதுதானா என்று வியப்பு வரும். ஆனால் அவள் எளியவளாய் வந்து சேர்வதன் காரணம் வழியில் உள்ள நெல்வயல்கள். மேட்டூரில் திறந்த நீர் பல நாள் கழித்து மேலையூரிலுள்ள கடைசிக் கதவணைக்கு வந்து சேரும்போது, உழவர்கள் மலரும் நெல்லும் தூவி வரவேற்கிறார்கள். மழை பொய்த்த ஆண்டுகளில் அந்த வரவேற்புக்கு வாய்ப்பில்லாமல் போனதும் உண்டு. ஆடிப்பெருக்கன்று புதுமணப் பெண்கள் தாலிக்கயிறு மாற்றிக்கொள்ள, முதிய பெண்கள் காதோலை கருகமணி வைத்துக் காவிரியன்னைக்குப் படைக்கிறார்கள். ஆடி, தை அமாவாசைகளில் சங்கமத்தில் நீராடி முன்னோர்க்குத் தர்ப்பணம் செய்வோர் கூட்டம் விடியலுக்கு முன்பே தொடங்கிவிடும்.

சென்னையிலிருந்து செல்வோர் சீர்காழியில் ரயில் இறங்குவது வசதி. அங்கிருந்தும் மயிலாடுதுறையிலிருந்தும் பேருந்துகள் உண்டு. எங்கிருந்து சென்றாலும் சுமார் ஒரு மணி நேரப் பயணம். திருவெண்காட்டில் அகோரமூர்த்தியையும் புதனையும் வணங்கி, முக்குளத்தில் நீரைத் தலையில் தெளித்துக்கொண்டு, சாயாவனம், பல்லவனீச்சரம் என்று வந்தால் ஒரே காலையில் மூன்று தலங்களும் கூடும். உச்சிப்போதில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் விடியற்காலையிலேயே புறப்படுவது நல்லது. சங்கமத்தில் அலை வேகம் மிகுதி, அடிமணல் திடீரென்று சரியும். வயதானவர்கள் இடுப்பளவு நீருக்குள்ளும் இறங்க வேண்டாம், கரையில் நின்று சொம்பில் மொண்டு நீராடுவதே போதும் என்று உள்ளூர் மீனவர்களே சொல்கிறார்கள். கீழையூர்ப் படகுத்துறைக்கு வழி கேட்டால் வயலில் வேலை செய்வோர் கைகாட்டுவார்கள். கம்பி வேலிக்குள், புல் மண்டிய பள்ளத்தில், அந்தச் செங்கற்கள் இருக்கின்றன.